பூவுக்கும் இலைக்கும் ஒரே சட்டி: கிளேஸ் போன்சாய் சட்டிகளோடு என் அனுபவம்

பைன், ஜூனிப்பர் மரங்களுக்கு மெருகில்லாத பழுப்புச் சட்டி. பூக்கும் மரங்களுக்கு நிறமுள்ள கிளேஸ் சட்டி, அதாவது கண்ணாடி போன்ற மெருகு பூசிச் சுட்டது. ஜப்பானியர்களின் இந்த வழக்கத்தை போன்சாய் வளர்க்கும் எல்லோரும் கேட்டிருப்போம். ஆனால் அது நான்கு பருவ நாட்டில் உருவான வழக்கம். அசேலியா அங்கே ஆண்டுக்கு ஒரு பருவம் பூக்கும், அந்தச் சில வாரங்களை மனத்தில் வைத்துச் சட்டி தேர்வார்கள். நான் இருக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கதை வேறு. சில வாரம் வெயில் காய்ந்தால் காகிதப்பூ பூத்துக் கொட்டும். அக்டோபர், நவம்பர் மழை பிடித்துவிட்டால் வெறும் பச்சையாகவே நிற்கும். மரம் ஒருபோதும் மொட்டையாவதில்லை. அதனால் பல ஆண்டுகளாக நான் பின்பற்றுவது இதுதான்: சட்டி என்ன நிறம் என்பதைப் பூவைப் பார்த்து முடிவு செய்வேன், அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதை இலையைப் பார்த்து முடிவு செய்வேன்.

காகிதப்பூவிலிருந்தே தொடங்குகிறேன், நம் தோட்டப்புறங்களில் அது இல்லாத வேலி அபூர்வம். நாம் நிறமாகப் பார்ப்பது பூவடிச் செதில்களை. உண்மையான பூ நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல். செதில்கள் வாரக்கணக்கில் உதிராமல் நிற்கும் என்பதால் சட்டியோடு பொருந்தாத நிறம் நாள்தோறும் கண்ணை உறுத்தும். ஆரஞ்சு நிறக் காகிதப்பூவுக்கு அடர்நீலச் சட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. பூ இல்லாத மாதங்களிலும் அந்த நீலம் கரும்பச்சை இலையைத் தாங்கிப் பிடிக்கிறது. ராணி ரோஸ் நிறத்தை அதே நீலத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று இருட்டாக்கிவிடும். அதற்குப் பால்வெள்ளை, அல்லது செலடன் எனப்படும் வெளிர் நீலப்பச்சை. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் வீட்டு மதில்கள் பெரும்பாலும் மஞ்சள், ஊதா, கிளிப்பச்சை என்று பளிச்சென்றிருக்கும். மஞ்சள் மதிலுக்கு முன்னால் செலடன் அமைதியாகத் தெரியும். பச்சை மதிலுக்கு முன்னால் காணாமலே போய்விடும்.

என் மனத்துக்கு மிக நெருங்கியது அந்திங் புத்ரி என்ற மரம். சீன நண்பர்கள் சுய்மெய் என்பார்கள். மெல்லிய காம்பில் தலைகீழாகத் தொங்கும் வெள்ளைப் பூ, நல்ல வாசம். இலைகளை முழுக்க உருவிவிட்டால் புதுத் தளிரோடு மொட்டுகள் ஒன்றாக வரும். தீபாவளிக்குச் சில வாரம் முன்பு நான் உருவுவது அதற்காகத்தான். சாமி படத்துக்கு முதல் பூவை அம்மா எடுத்துக்கொள்வார். பூ கீழ்நோக்கித் தொங்குவதால் தாழ்ந்த கிளைகளின் பூக்கள் சட்டியின் மேல்தான் தெரியும், பின்னணி சட்டியேதான். அடர்நீலத்தின் மேல் ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரிகிறது. வெள்ளைச் சட்டியில் பாதிப் பூ கண்ணுக்கே படாது.

இந்த மரத்துக்கு ஆழமான சட்டி வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்கும். அதற்குக் கிளேஸ் உதவுகிறது. பக்கத்துக் கோலகங்சாரின் சாயோங் மண்கூசாவில் தண்ணீர் குளிர்ந்திருப்பது, மெருகில்லாத சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாவதால். கிளேஸ் பூசிய சுவர் அப்படிக் கசியவிடாது, மண்ணில் ஈரம் நீடிக்கும். காகிதப்பூவுக்கு இது எதிரான குணம். கொஞ்சம் காய்ந்தால்தான் அது பூக்கும். எனவே அந்தச் சட்டிகளில் கரடான ஆற்று மணலும் சுட்ட மண்ணும் கூடுதலாகப் போடுகிறேன். எந்த மரமானாலும் சட்டியின் உட்புறம் கிளேஸ் இல்லாமல் இருக்க வேண்டும், வேர் பிடிக்க அதுதான் நல்லது.

இனி, சட்டிகள் எப்படி உழைத்தன என்பது. உயர்ந்த வெப்பத்தில், சுமார் 1,200 டிகிரியில் சுட்டவை இன்றும் புதுசு மாதிரியே இருக்கின்றன. நீலம் கோபால்ட்டிலிருந்து வருவது, வெயிலுக்கு வெளுக்காது. கிளேஸ் என்று சொல்லி விற்கப்படும் பெயின்ட் பூசிய சட்டிகள் நம் வெயிலிலும் மழையிலும் தோல் உரிந்துவிடும். வாங்குமுன் விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மெருகில்லாத அடிப்பாகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சட்டென உறிஞ்சக்கூடாது. அடர்நிறச் சட்டிக்கு இரண்டு குறைகள் உண்டு. உரத்தின் உப்பு விளிம்பில் வெள்ளைக் கோடாகப் படியும். வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். மதிய வெயிலில் சுவர் சூடேறி வேர் வெந்துபோகலாம். இரண்டு மணிக்கு மேல் நிழல் விழும் இடத்தில் வையுங்கள்.

அழகுக்காகச் சட்டிக்கடியில் தட்டு வைப்பவர்கள் தினமும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஏடிஸ் கொசு அதில்தான் முட்டையிடும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசு பெருகினால் அபராதம் உண்டு. நான் தட்டே வைப்பதில்லை.

சிவப்பு வெட்சிக்குப் பால்வெள்ளை பொருந்துகிறது. செம்பு கலந்த கிளேஸ் பூசிச் சுட்டெடுக்கும் இரத்தச் சிவப்புச் சட்டிகளை மட்டும் நான் வாங்குவதில்லை, எந்தப் பூவையும் அது முன்னால் வரவிடாது. ஈப்போ பக்கம் நாற்றுப்பண்ணைக்குப் போகும்போது ஒரு பூவோடு முற்றிய இலை ஒன்றையும் பறித்துக்கொண்டு போங்கள். சட்டியைக் கூரைக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில் வைத்து, இரண்டையும் அதன்மேல் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஒன்றும் சொல்லமாட்டார்.