ஜட்காவா, விக்டோரியாவா?

1920களின் தெருவைப் படத்திலோ நாடகத்திலோ காட்டுபவர்களுக்கு எந்தக் குதிரை வண்டியைக் கட்டுவது என்ற குழப்பம் வரும். சென்னை என்றால் ஜட்கா, பம்பாய் என்றால் விக்டோரியா என்பதோடு விஷயம் முடிவதில்லை.

ஜட்கா: இரண்டு சக்கரம், வளைந்த கூண்டு. இருக்கை கிடையாது, வைக்கோல் பரப்பி மேலே ஜமுக்காளம். ஏறுவது பின்பக்கம்.
விக்டோரியா: நான்கு சக்கரம், மெத்தை இருக்கை, மடக்குக் கூண்டு, வண்டிக்காரருக்கு உயரத்தில் தனி இடம்.

முக்கியமானது பாரம். ஜட்காவில் அதன் ஒரு பங்கு ஏர்க்கால் (குதிரையின் இருபுறமும் நீளும் மரம்) வழியாகக் குதிரை முதுகில் இறங்கும். எல்லோரும் பின்னால் உட்கார்ந்தால் ஏர்க்கால் தூக்கும், வயிற்றுவார் குதிரையை இறுக்கும். "முன்னாடி தள்ளி உக்காருங்க சாமி" என்று வண்டிக்காரர் சொல்வது அதனால்தான். முன்பாரம் கூடினாலோ சேணம் அழுத்தி முதுகு புண்ணாகும். விக்டோரியாவில் பாரம் சக்கரங்களின் மேல். குதிரை இழுத்தால் போதும்.

திரும்ப: ஜட்கா சந்திலும் திரும்பும். விக்டோரியாவுக்கு அகலம் வேண்டும். திரும்ப வசதியாக முன்சக்கரம் சிறியதாக இருந்தும் அப்படித்தான்.
செலவு: ஜட்காவுக்கு ஒரு மட்டக்குதிரை போதும். விக்டோரியாவில் தோல் கூண்டும் திரும்பும் முன் இருசும் (அச்சும்) செலவை ஏற்றும்.

வெயிலில் சக்கரத்தின் மரம் சுருங்கி, அதைச் சுற்றிய இரும்புப் பட்டா தளர்வது இரண்டுக்கும் உண்டு. சக்கரத்தைத் தண்ணீரில் ஊறப்போடுவது தற்காலிகம்தான். பட்டாவைக் குறுக்கி, காய்ச்சி ஏற்றி, தண்ணீர் ஊற்றி இறுக்க வேண்டும்.

ரயிலடி, கடைத்தெருக் காட்சிக்கு ஜட்கா. இருவர் முகம் தெரியப் பேச வேண்டுமானால் விக்டோரியா. ஜட்காவின் கூண்டுக்குள் கேமராவுக்கு இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை.