வயர் பேஸ்மேக்கரா, வயர் இல்லாததா?

குடியாத்தத்துலேர்ந்து அப்பாவை வேலூருக்கு இட்டுனு போனோம். இதயத்தை சரியா துடிக்க வைக்கற பேஸ்மேக்கர் கருவியில ரெண்டு வழி இருக்குனு டாக்டர் சொன்னதுலேர்ந்து வீட்ல இதே பேச்சுதான்.

பழைய வகைன்னா காரை எலும்புக்குக் கீழ தோலுக்கடியில சின்ன டப்பா, அதுலேர்ந்து ரத்தக்குழாய் வழியா இதயத்துக்கு வயர் போவுது. 1958ல ஸ்வீடன்ல மொதமொதல்ல ஒடம்புக்குள்ள வெச்சாங்க, நல்லா பழகின வேலை. தொல்லை வந்தா பெரும்பாலும் டப்பா இருக்கற எடத்துலயும் வயர்லயும்தான், நகரும், ஒடையும், இன்ஃபெக்‌ஷன் ஆனா வெளிய எடுக்கறது பெரிய பாடு. கொஞ்ச வாரம் கையை மேல தூக்கக்கூடாதுன்னதும் அப்பா, "தறிய யாருடா ஓட்டுவா?"ன்னாரு.

வயர் இல்லாததுன்னா மாத்திரை சைஸ், ரெண்டு கிராம்தான், தொடை ரத்தக்குழாய் வழியா ஏத்தி இதயத்துக்குள்ளயே மாட்டிடறாங்க. 'மைக்ரா'ன்ற வயர் இல்லாத மாடலை வெச்சு செஞ்ச ஆய்வுல 725 பேர்ல 719 பேருக்கு சரியா வெச்சிட்டாங்க, பெரிய சிக்கலும் வயர் வெச்சவங்களோட பாதி அளவுதான். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி ஆளைப் பிரிச்சு செஞ்ச ஆய்வு இல்ல அது, பழைய நோயாளிங்க கணக்கோட ஒப்பிட்டுப் பாத்தது, அதனால பாதின்றதை நான் அப்படியே நம்பல. அதுவுமில்லாம அந்த மாடல் கீழ் அறை ஒண்ணை மட்டுந்தான் துடிக்க வைக்கும், பேட்டரி தீந்தா பெரும்பாலும் உள்ளயே விட்டுட்டு பக்கத்துல புதுசு வெப்பாங்க. வெலையும் பல மடங்கு.

நாங்க வயர் வெச்சதுக்கே சரின்னுட்டோம். அப்பா கையைத் தூக்கற வரைக்கும் தறியை தம்பி பாத்துக்கறான், நூல் அறுந்தா மட்டும் அப்பா கட்டில்லேர்ந்தே கத்துறாரு.