லாஜிஸ்டிக்ஸ் பைப்ஸ்: பிஸ்டன் வரும், மிச்சப் பலகை எங்கே போகும்?

மைன்கிராஃப்ட் 1.12.2 மாட்பேக்கில் (கூடுதல் நிரல்களான மாடுகளின் தொகுப்பு) ஆட்டோ கிராஃப்டிங், அதாவது பொருள்களைத் தானாகச் செய்வது என்றாலே பலரும் நேராக அப்ளைட் எனர்ஜிஸ்டிக்ஸ் அல்லது ரீஃபைன்ட் ஸ்டோரேஜ் பக்கம் போய்விடுகிறார்கள். பொருளைக் குழாய்களில் அனுப்பும் லாஜிஸ்டிக்ஸ் பைப்ஸ் என்ற மாட் அவற்றுக்கு மூத்தது. பில்ட்கிராஃப்ட் என்ற மாடின் துணை மாடாகப் பிறந்தது, 1.12.2-இல் அது இல்லாமலும் ஓடும். அவற்றைப்போல எல்லாப் பொருளையும் டிஸ்க்கில் அடைக்கும் சேமிப்பு இதில் கிடையாது. பொருள் சாதாரணச் செஸ்டிலேயே கிடக்கும். நீங்கள் ஆர்டர் போட்டால் எந்தச் செஸ்டில் எது இருக்கிறது, எதை எங்கே செய்யவேண்டும் என்று பைப்பே கணக்குப் போட்டு அனுப்பும். பொருள் குழாய்க்குள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். எங்கே சிக்கியது என்பதும் அப்படியே தெரியும், இதன் பெரிய பலமே அதுதான்.

முதல் சோதனைக்குப் பிஸ்டன் நல்ல ரெசிபி. ஒரு பிஸ்டனுக்குப் பலகை 3, காபிள்ஸ்டோன் 4, இரும்புக் கட்டி 1, ரெட்ஸ்டோன் 1. பலகையும் மரக்கட்டையிலிருந்து தானாக வரவேண்டும் என்று வைத்துக்கொண்டால் தேவைப்படுவது இவ்வளவுதான்: மூலப்பொருள் செஸ்டில் உள்ளதை எடுத்துத் தரும் ஒரு புரொவைடர் பைப், ஆர்டர் போட ஒரு ரிக்வெஸ்ட் பைப், இரண்டு லாஜிஸ்டிக்ஸ் கிராஃப்டிங் டேபிள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிராஃப்டிங் பைப், ஏதாவது ஒரு பைப்பை ஒட்டி, பைப்புகளுக்கு மின்சாரம் ஊட்டும் ஒரு பவர் ஜங்ஷன், அதற்கு மின்சாரம். மின்சாரம் தீர்ந்தால் வழிகாட்டலும் நின்றுவிடும்.

டேபிளில் ரெசிபியை அமைத்து, பக்கத்திலுள்ள கிராஃப்டிங் பைப்பைத் திறந்து இம்போர்ட் பட்டனைத் தட்டினால் உள்ளீடும் விளைவும் தானாக நிரம்பிவிடும். பலகைக்கு ஒரு தடவை, பிஸ்டனுக்கு ஒரு தடவை. இனி ரிக்வெஸ்ட் பைப்பில் 10 பிஸ்டன் கேளுங்கள். பலகை 30 வேண்டும். ஒரு கட்டைக்கு 4 பலகை என்பதால் 8 கட்டை எடுத்து 32 பலகை அறுக்கும். காபிள்ஸ்டோன் 40, இரும்பு 10, ரெட்ஸ்டோன் 10. ஏதாவது குறைந்தால் ஆர்டரை ஏற்காது, எது எத்தனை குறைகிறது என்று பட்டியல் காட்டும். அந்தப் பட்டியலைப் படிக்கப் பழகிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி.

மிச்சம் 2 பலகை இருக்கிறதே, அது எங்கே போகும்? புதிதாகக் கட்டுபவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். போக இடம் சொல்லாவிட்டால் பொருள் குழாயில் அலைந்து எங்காவது வெளியே விழும், ஐந்து நிமிடத்தில் மறைந்தும் போகும். பலகை போனால் பரவாயில்லை, வைரம் போனால் வயிறு எரியும். ஆகவே ஆர்டர் போடும் முன்பே ஒரு பெரிய செஸ்டில் பேசிக் பைப்பை ஒட்டி அதில் டிஃபால்ட் ரூட்டை ஆன் செய்யுங்கள். எதற்கும் சொந்த இடம் இல்லையென்றால் அங்கே வந்து சேரும். அந்தச் செஸ்ட் நிரம்பிவிட்டால் பழைய கதைதான். அதிலும் ஒரு புரொவைடர் இருக்கட்டும், மிச்சப் பலகை அடுத்த ஆர்டருக்குக் கைகொடுக்கும். சேர்த்துக்கொள்வது, எடுத்துத் தருவது இரண்டையும் ஒரே பைப்பில் முடிக்க, மாட்யூல் என்ற வேலைத் துண்டுகளைப் பொருத்தும் சேசிஸ் பைப் உண்டு. மார்க் 1 முதல் 4 வரை எண்ணுக்கேற்ப 1 முதல் 4 மாட்யூல், மார்க் 5-க்கு 8. மார்க் 2-இல் புரொவைடர் மாட்யூலும், பொருளை வாங்கிக்கொள்ளும் ஐட்டம்சிங்க் மாட்யூலும் போட்டால் வேலை முடிந்தது.

இரண்டாவது தவறு கிளைகளில் நடக்கும். நீளமான தூரத்துக்குச் சாதாரண டிரான்ஸ்போர்ட் பைப் போதும், மலிவும்கூட. ஆனால் வழி பிரியும் ஒவ்வொரு முனையிலும் ஒரு லாஜிஸ்டிக்ஸ் பைப் இருந்தே ஆகவேண்டும். சாதாரணப் பைப்பில் கிளை வைத்தால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நெட்வொர்க்குக்குத் தெரியாது, ஆர்டரில் அந்தச் செஸ்டே வராது.

ஃபர்னஸை இணைப்பதுதான் இந்த மாடின் உண்மையான தேர்வு. மேலே கிராஃப்டிங் பைப்பை வைத்தால் தாது உள்ளே போகும், ஆனால் உருகிய கட்டியை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்க முடியாது. தலைகீழாகச் செய்யுங்கள். கிராஃப்டிங் பைப்பை ஃபர்னஸின் அடியிலும், அதற்கான உள்ளீட்டை வேறு பக்கத்தில் இறக்கும் சாட்டிலைட் பைப்பை மேலேயும் வையுங்கள். கிராஃப்டிங் பைப்பில் அந்தச் சாட்டிலைட்டைத் தேர்ந்தெடுத்து, தாதுவை ஒன்பது உள்ளீட்டு இடங்களில் கடைசி மூன்றில் ஒன்றில் போடுங்கள். அந்த மூன்றில் இருப்பது மட்டுமே சாட்டிலைட்டுக்குப் போகும். முதல் ஆறில் போட்டுவிட்டு ‘ஏன் மேலே போகவில்லை’ என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். இங்கே இம்போர்ட் உதவாது, விளைவைக் கையால் வைக்கவேண்டும். பக்கவாட்டில், குறித்த அளவை எப்போதும் நிரப்பிவைக்கும் ஒரு சப்ளையர் பைப் வைத்து நிலக்கரி 8 என்று குறித்துவிடுங்கள். ஒரு கரி 8 பொருளை உருக்கும் என்பதால் 8 கரி 64-க்குச் சரியாக வரும். ஒரு பொருளுக்கு 10 விநாடி, 64 தாதுவுக்கு 10 நிமிடம் 40 விநாடி. அவசரம் என்றால் இதே அமைப்பை நான்கு ஃபர்னஸுக்குக் கட்டுங்கள். எல்லாக் கிராஃப்டிங் பைப்பிலும் முன்னுரிமை எண் ஒன்றாக இருந்தால் ஆர்டரைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: அந்த ஃபர்னஸில் வேறு ஹாப்பரை (பொருளை உறிஞ்சி எடுக்கும் பிளாக்) ஒட்டாதீர்கள், கட்டியைக் கையாலும் எடுக்காதீர்கள். கிராஃப்டிங் பைப் தன் கையால் எடுத்ததை மட்டுமே கணக்கில் சேர்க்கும். மற்றவர் எடுத்தால் ஆர்டர் முடியாமல் அப்படியே தொங்கும்.

குறைகளும் உண்டு. 1.12.2-இல் பைப் செய்வதற்கு முன்பே அதற்கான நிரலைத் தயாரிக்கப் புரோகிராம் கம்பைலர், நிரலைப் பதிய டிஸ்க், பிறகு புரோகிராமர் என்று ஒரு சடங்கு இருக்கிறது. கம்பைல் ஆக மின்சாரமும் நேரமும் வேண்டும். ஆட்டத்தின் தொடக்கத்தில் இது வீண் இழுபறி, இதனாலேயே பாதியில் விட்டுவிடுபவர்கள் உண்டு. நூற்றுக்கணக்கான பொருள்கள் ஒரே நேரத்தில் குழாயில் ஓடினால் சர்வரும் திணறும். நெட்வொர்க்கின் ஒரு பகுதி லோட் ஆகாத சங்க்கில் (ஆட்ட உலகின் ஒரு துண்டு) இருந்தால் அங்குள்ள செஸ்டும் டேபிளும் கணக்கிலேயே வராது. முழு அமைப்பையும் ஒரே இடத்தில் நெருக்கமாகக் கட்டுங்கள், அல்லது அந்தத் துண்டை எப்போதும் லோடாக வைத்திருக்கும் சங்க் லோடர் வையுங்கள்.

ஆயிரக்கணக்கான பொருள் வகைகளைச் சேர்த்துவைக்கத்தான் ஆசை என்றால் இது உங்களுக்கானதல்ல, டிஸ்க் சேமிப்புக்கே போங்கள். இருபது முப்பது ரெசிபியைக் கேட்டவுடன் செய்து தரும் பட்டறை வேண்டும் என்றால் இதைத் தாராளமாகப் போடலாம். புதிய மைன்கிராஃப்ட் பதிப்புகளில் இதே வேலைக்கு ப்ரெட்டி பைப்ஸ் இருக்கிறது. அதில் ஒரே வகைப் பைப், ஒவ்வொன்றிலும் மூன்று மாட்யூல் இடம். கற்றுக்கொள்வது எளிது, ஆனால் சாட்டிலைட் வைத்து ஃபர்னஸைச் சுற்றி விளையாடும் நுணுக்கம் அதில் கிடைக்காது.