ஸ்டார்ட்டரா, ரிலீவரா? இளம் பிட்சர் ஒருவனுக்காக நாங்கள் எடுத்த முடிவும் அதன் காரணமும்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் முதலாண்டில் சேர்ந்திருந்த பிட்சரான (பந்து வீசுபவனான) என் மகனை, இலையுதிர்காலப் பயிற்சி முடிந்த மறுவாரம் பேஸ்பால் பயிற்சியாளர் அழைத்துப் பேசினார். வெள்ளி, சனி, ஞாயிறு நடக்கும் வார இறுதித் தொடர்களில் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில், முன்பு வீசியவருக்குப் பதிலாக இறங்கும் ரிலீவராக அவனைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும் வார நடு ஆட்டங்களில் ஆட்டத்தைத் தொடங்கி வீசும் ஸ்டார்ட்டராக நான்கைந்து இன்னிங்ஸ் வீசச் செய்யலாம். இறுதி முடிவு தன்னுடையது என்றாலும் அவனுடைய விருப்பத்தையும் கேட்க நினைப்பதாக அவர் சொன்னார். வார இறுதியில்தான் கூட்டம் இருக்கும், உச்சநிலைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் அணிகளின் ஸ்கவுட்டுகளும் (திறமையுள்ள வீரர்களைத் தேடுபவர்கள்) வருவார்கள். செவ்வாய்க்கிழமை மாலையில் பெற்றோர்களும் விடுதி மாணவர்கள் சிலரும் மட்டுமே இருப்பார்கள். ஒரு வாரம் யோசித்து நாங்கள் செவ்வாய்க்கிழமையைக் கேட்டுப் பெற்றோம். இதே கேள்வி முன்னால் நிற்கும் மற்றவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், இரண்டு வழிகளையும் நாங்கள் எடைபோட்ட விதத்தை இங்கே எழுதுகிறேன்.

ரிலீவருக்குச் சாதகமானவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஒரே இன்னிங்ஸ் வீசப்போகிறவன் வலுவைச் சேமித்து வைக்க வேண்டியதில்லை; ஃபாஸ்ட்பாலில் (வேகப்பந்து) மணிக்கு ஒன்றிரண்டு மைல் கூடும், ஸ்லைடர் (பக்கவாட்டில் வளையும் பந்து) இன்னும் கூர்மையாக வளையும். ஒரு பேட்ஸ்மேன் அவனை ஓர் ஆட்டத்தில் ஒரு முறைதான் சந்திப்பான் என்பதால் இரண்டு வகைப் பந்துகளே போதும். மேஜர் லீகுக்குப் போகும் பாதையும் இதில் குறுகலாம்: எட்வின் டியாஸ் 2016இல் மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏ நிலையில் ஸ்டார்ட்டராக இருந்து புல்பென்னுக்கு (ரிலீவர்கள் காத்திருக்கும் இடம்; ரிலீவர் வரிசை) மாற்றப்பட்டு, அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே சியாட்டில் மரைனர்ஸ் அணிக்காக மேஜர் லீகில் வீசினார். 2022இன் இறுதியில் நியூயார்க் மெட்ஸ் அவருக்கு ஐந்தாண்டுகளுக்கு 10.2 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. சிறந்த ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது இதைவிட மிக அதிகம் என்பதும் (கெரிட் கோலின் 2019ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்பது ஆண்டுகளுக்கு 32.4 கோடி) எல்லோரும் அறிந்ததே. பத்தொன்பது வயதுப் பையனுக்கு அந்தக் கணக்குகள் வெகு தொலைவில் இருப்பதால் நாங்கள் அவற்றில் நேரம் செலவிடவில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது மூன்றாவது வகைப் பந்து. அவன் வலக்கைப் பிட்சர். அவனிடம் நல்ல ஃபாஸ்ட்பாலும் நம்பத்தகுந்த ஸ்லைடரும் இருந்தன. வலக்கை பேட்ஸ்மேனுக்கு அந்த ஸ்லைடர் விலகிப் போகும், ஆனால் இடக்கை பேட்ஸ்மேனுக்கு அதுவே மட்டையை நோக்கி உள்ளே வரும். முதல் சுற்றில் அவர்கள் ஏமாறலாம். இரண்டாம் முறை வரும்போது ஸ்லைடரைக் கண்டுகொள்வார்கள், மூன்றாம் முறை அதற்காகவே காத்திருப்பார்கள். அவர்களைச் சமாளிக்க ஃபாஸ்ட்பாலைப் போலவே கையிலிருந்து கிளம்பி, எட்டு முதல் பத்து மைல் குறைவான வேகத்தில் வந்து, வெளிப்பக்கமாகத் தாழ்ந்து விலகும் சேஞ்ச்அப் வேண்டும். அது அவனிடம் பெயரளவுக்குத்தான் இருந்தது.

சேஞ்ச்அப்பைக் கற்பது எவ்வளவு பொறுமையைக் கேட்கும் வேலை என்பதை அந்தப் பருவம் முழுவதும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பந்தின் ஓரத்தில் வளையமாகச் சேர, பந்து நடுவிரலிலும் மோதிர விரலிலும் தங்கி உள்ளங்கைக்குள் ஆழமாக அமர வேண்டும். பிடி ஒரு நாளில் பழகிவிடும். அந்தப் பிடியோடு கையை ஃபாஸ்ட்பாலின் அதே வேகத்தில் வீசும் துணிவுதான் எளிதில் வராது. வேகத்தைக் குறைப்பது பிடியின் வேலை என்று எத்தனை முறை சொன்னாலும், பந்து நழுவிவிடுமோ என்ற அச்சத்தில் கை தானாகவே தளர்கிறது, பேட்ஸ்மேன் அந்தத் தளர்ச்சியைப் பார்த்துவிடுகிறான். முதல் மாதத்தில் ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சேஞ்ச்அப் வீசினான்; பாதி மண்ணில் விழுந்தன, சில தலைக்கு மேலே போயின. ஓர் ஆட்டத்தில் தளர்ந்த கையோடு வீசிய ஒரு சேஞ்ச்அப் மூன்று ரன் ஹோம் ரன்னாகப் போனது. அவனை மாற்றப் பயிற்சியாளர் டக்அவுட்டிலிருந்து (அணியினர் அமரும் இடம்) வெளியே வரவில்லை. அடுத்த இடக்கை பேட்ஸ்மேனுக்கும், எந்தப் பந்து வேண்டும் என்று கேட்கும் கேட்சர் அதே பந்துக்கே சைகை காட்டினான்.

ஸ்டார்ட்டரும் ரிலீவரும் பிரியும் இடமாக நான் கருதுவது அந்தச் சைகையைத்தான். செவ்வாய்க்கிழமை மூன்றாவது இன்னிங்ஸில் மூன்று ரன் போனால் ஆட்டத்தை மீட்க இன்னும் ஆறு இன்னிங்ஸ் இருக்கின்றன. சனிக்கிழமை எட்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலையைக் காக்க இறங்கியவனிடம், அவனே நம்பாத ஒரு பந்தை எந்தக் கேட்சரும் கேட்க மாட்டான், கேட்கவும் கூடாது. அணியின் வெற்றிதான் அங்கே முதன்மை. எண்ணிக்கையாகப் பார்த்தாலும் இடைவெளி பெரியது. எழுபத்தைந்து பந்து வீசும் ஸ்டார்ட்டருக்குப் பன்னிரண்டு, பதினைந்து சேஞ்ச்அப்புக்கு இடம் உண்டு. இரண்டு நாள் கழித்து, அடுத்த ஆட்டத்தைப் பற்றிய கவலை இல்லாமல், புல்பென்னில் முப்பது பந்து வரை வீசித் திருத்திக்கொள்ளவும் முடியும். பதினைந்து பந்தில் வேலையை முடிக்கும் ரிலீவருக்கு ஒன்று கிடைத்தால் அதிகம். மறுநாளே மீண்டும் அழைக்கப்படலாம் என்பதால் அவன் தனிப்பயிற்சியில் கையைச் செலவழிக்கவும் தயங்குவான். இரண்டு பருவம் இப்படிக் கழிந்தால் ஃபாஸ்ட்பாலும் ஸ்லைடரும் மெருகேறியிருக்கும், மூன்றாவது பந்து அங்கேயே நின்றிருக்கும். பிறகு அவனை ஸ்டார்ட்டராக்க யாராவது விரும்பினாலும், அதற்கு வேண்டிய கருவி அவன் கையில் இருக்காது.

மேஜர் லீக் வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்றாக நான் கருதுவது யோஹான் சான்டானாவின் கதை. 2000இல் மினசோட்டா ட்வின்ஸ் அணிக்கு வந்த அவரை அணி பெரும்பாலும் புல்பென்னிலேயே வைத்திருந்தது. 2002இல் அவரை மேஜர் லீகுக்கு அடுத்த கீழ்ப்படியான ட்ரிபிள்-ஏ நிலையில் இருந்த எட்மன்டன் அணிக்கு அனுப்பி ஸ்டார்ட்டராக வீசச் செய்தார்கள். அங்கே பிட்சிங் பயிற்சியாளர் பாபி குயேயார், ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் குறைந்தது ஒரு சேஞ்ச்அப்பாவது வீசியாக வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆட்டத்தின் முடிவைப் பெரிதாக எண்ணாமல் ஒரு பந்தை வளர்க்கக் கிடைத்த அந்த இடத்தில்தான் சான்டானாவின் சேஞ்ச்அப் உருவானது. அதைக் கொண்டே அவர் 2004இலும் 2006இலும் ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாக வென்றார்.

புல்பென்னில் தொடங்கிப் பின்னர் பெரிய ஸ்டார்ட்டர் ஆனவர்களும் உண்டு, அவர்களை மறைப்பது நேர்மையாகாது. கிறிஸ் சேல் 2011இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு ரிலீவராக 71 இன்னிங்ஸ் வீசி, அடுத்த ஆண்டே ஸ்டார்ட்டராக 192 இன்னிங்ஸ் வீசி 17 வெற்றி பெற்றார். ஆடம் வெயின்ரைட், மேஜர் லீகின் இறுதித் தொடரான 2006 உலகத் தொடரின் கடைசி பேட்ஸ்மேனை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்காக ரிலீவராக வீழ்த்திவிட்டு, மறு ஆண்டு ஸ்டார்ட்டராகி, 2023இல் ஓய்வுபெறும்போது 200 வெற்றிகளைத் தொட்டிருந்தார். ஆனால் சேல் கல்லூரியிலேயே நல்ல சேஞ்ச்அப்போடு வந்தவர். வெயின்ரைட் மேஜர் லீகுக்குக் கீழுள்ள மைனர் லீகில் பல ஆண்டுகள் ஸ்டார்ட்டராகவே வளர்ந்தவர். ஸ்டார்ட்டருக்கான படிப்பை முடித்துவிட்டுப் புல்பென்னில் சிறிது காலம் தங்கியவர்கள் அவர்கள். படிப்பு முடியாத பையனை அங்கே அனுப்புவதற்கு அவர்களை முன்மாதிரியாகக் காட்டக் கூடாது என்பது என் கருத்து.

கேரெட் குரோஷே எனக்குச் சற்றுச் சிக்கலான உதாரணம். 2024க்கு முன் மேஜர் லீகில் மொத்தம் 73 இன்னிங்ஸ் மட்டுமே, அதுவும் ரிலீவராகவே வீசியிருந்த அவர், இடையில் முழங்கை அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர். அந்த ஆண்டு 32 ஆட்டங்களை ஸ்டார்ட்டராகத் தொடங்கி 209 பேரை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார். புல்பென்னுக்குப் போனவன் ஸ்டார்ட்டராக முடியாது என்று சொல்பவனுக்கு இது வலுவான மறுப்பு. எனினும் அந்த 32 ஆட்டங்களில் அவர் வீசியது 146 இன்னிங்ஸ்தான். அத்தனை சுமைக்குப் பழகாத கை என்பதால் பருவத்தின் பிற்பாதியில் அவரைச் சில இன்னிங்ஸிலேயே நிறுத்திக்கொண்டார்கள். மறுபக்கம், 2012இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் நம்பகமான ரிலீவர் டேனியல் பார்டை ஸ்டார்ட்டராக்கியபோது அவருடைய கட்டுப்பாடே கைவிட்டுப் போனது. அதே ஆண்டு டெக்சஸ் ரேஞ்சர்ஸின் நெஃப்டாலி ஃபெலிஸ் அதே மாற்றத்துக்கு முயன்று சில ஆட்டங்களிலேயே முழங்கைக் காயத்தால் வெளியேறினார். அந்தக் காயத்துக்கு மாற்றம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜாஷ் ஹேடரின் மாற்றத்தில் காயத்துக்குப் பங்கே இல்லை: மைனர் லீகில் ஸ்டார்ட்டராக இருந்தவரை 2017இல் மில்வாக்கி புரூவர்ஸ் புல்பென்னில் இறக்கியது, அவர் அங்கே மிகச் சிறப்பாக வீசினார், அதன் பிறகு மேஜர் லீகில் ஓர் ஆட்டத்தைக்கூட ஸ்டார்ட்டராகத் தொடங்கியதில்லை. புல்பென்னில் நன்றாக வீசுபவனை அங்கிருந்து விடுவிக்க எந்த அணிக்கும் மனம் வராது.

ஸ்டார்ட்டரிலிருந்து ரிலீவராகும் எதிர்த்திசைப் பயணம் அவ்வளவு கடினமாக இருந்ததில்லை. மரியானோ ரிவேரா 1995இல் பத்து ஆட்டங்களை ஸ்டார்ட்டராகத் தொடங்கிப் பார்த்த பிறகே ரிலீவரானார், 652 சேவ்களோடு (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டங்கள்) ஓய்வுபெற்றார். வேட் டேவிஸ் 2013இல் பெரும்பாலும் ஸ்டார்ட்டராக வீசி 5.32 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகத் தன் பொறுப்பில் கொடுத்த ரன்) கொடுத்தவர். மறு ஆண்டு கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் புல்பென்னில் அது 1.00 ஆனது. ஸ்டார்ட்டராகத் தடுமாறிய ஜாக் பிரிட்டன், 2016இல் பால்டிமோர் ஓரியோல்ஸுக்காக வாய்ப்புக் கிடைத்த 47 சேவ்களையும் தவறவிடாமல் முடித்தார். இவர்கள் மூவரும் முதலில் ஸ்டார்ட்டராக முயன்றதால் எதையும் இழந்துவிடவில்லை.

கைக்கு எது பாதுகாப்பானது என்ற கேள்வியில் என்னால் உறுதியாகப் பேச முடியாது. ரிலீவருக்கு மொத்தப் பந்துகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் முழு வேகத்தில் போகிறது. இறங்காத நாளிலும் புல்பென்னில் எழுந்து உடலைச் சூடேற்றி வீசியது கணக்கில் வருவதில்லை. ஸ்டார்ட்டருக்குச் சுமை அதிகம், ஓய்வு நாளும் நிச்சயம். நான் பார்த்தது ஒரு பையனின் ஒரு பருவம் மட்டுமே.

எல்லோருக்கும் இதே முடிவு பொருந்தாது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் டபுள்-ஏ நிலையில், மூன்றாவது பந்துக்கு இரண்டு முழுப் பருவம் கொடுத்தும் அது வராதவனை ஸ்டார்ட்டராகவே பிடித்து வைத்திருப்பது அவனுக்குச் செய்யும் கேடு. மூன்றாவது இன்னிங்ஸிலேயே வேகம் நான்கைந்து மைல் சரிபவனுக்கும் புல்பென்தான் இடம். ஆட்டம் இறுக்கமாகும்போது மற்றவர்களைவிட அமைதியாகிவிடும் பையன்கள் சிலர் உண்டு. அவர்களே அந்த இடத்தை விரும்பிக் கேட்டால் மறுக்க எனக்குக் காரணம் தோன்றவில்லை.

பருவத்தின் கடைசி செவ்வாய்க்கிழமை, ஐந்தாவது இன்னிங்ஸில், முன்பு ஹோம் ரன் அடித்த அதே அணியின் இடக்கை பேட்ஸ்மேன் அன்றைக்கு மூன்றாவது முறையாக வந்தான். இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு வந்த சேஞ்ச்அப்புக்கு அவன் மட்டை வெகு முன்னதாகவே சுழன்றுவிட்டது. காரில் திரும்பும்போது, "அப்பா, அந்தப் பந்தில் கையைத் தளர்த்தவே இல்லை, பார்த்தீர்களா?" என்று மகன் கேட்டான். அடுத்த பருவத்தில் ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட்டர் இடத்துக்கு அவனோடு இன்னும் மூன்று பேர் போட்டியிடுகிறார்கள். அந்த இடம் கிடைக்காவிட்டால் மீண்டும் செவ்வாய்க்கிழமையையே கேட்கப்போவதாக அவன் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டான்.