ஏழு புத்தகமா, ஒற்றைப் புத்தகமா?

ஹட்டன் மழைக்கு எதைப் படிக்கலாம் என்று தங்கச்சி கேட்டாள். ஒன்று, அலமாரிக்குள் புகுந்து வேறு உலகம் போகும் நார்னியா: 1950 முதல் 1956 வரை வந்த ஏழு புத்தகம். மற்றது அலிக்ஸ் ஹாரோவின் 'தி டென் தௌசண்ட் டோர்ஸ் ஆஃப் ஜனவரி' (2019). ஒரே புத்தகத்தில் கதை முடிந்துவிடும்.

நார்னியா சட்டென்று உள்ளே இழுக்கும். சின்னவர்களுக்குச் சரி.

ஹாரோவைப் பற்றித்தான் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் பேச்சு இரண்டுபட்டது. கதைக்குள் இன்னொரு புத்தகம் குறுக்கிடுவதால் நகரவே மாட்டேனென்கிறது என்று அண்ணன் பாதியில் வைத்துவிட்டார். அக்காவோ கொழுந்துக் கறை போகாத விரலோடு, ஓரத்தில் பென்சிலால் அர்த்தம் எழுதி எழுதிப் படித்தாள். கதையில், முதலாளிக்காக ஊர் ஊராக அரும்பொருள் தேடி அலையும் அப்பா, பெரிய வீட்டில் தனியே காத்திருக்கும் மகள். கொழும்புக் கடையில் அப்பா வேலைசெய்ய வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்ட எனக்கும் மனம் வரவில்லை. தங்கச்சிக்கு இதைத்தான் கொடுத்தேன்.