யோர்கென்சன் - ஃபிலிப்ஸ் டிஸ்கோர்ஸ் அனாலிசிஸ் புக்: மூணாவது சாப்டர்ல ஆரம்பிங்க

பிஎச்டி ப்ரொபோசல்ல "டிஸ்கோர்ஸ் அனாலிசிஸ் (பேச்சும் எழுத்தும் உலகத்துக்கு எப்படி அர்த்தம் குடுக்குதுன்னு அலசுற முறை) பண்ணப்போறேன்"னு ஒரு வரி போட்டுடறாங்க, எந்த டிஸ்கோர்ஸ் அனாலிசிஸ்னு வைவாவுல கேட்டா திருதிருன்னு முழிக்கிறாங்க. அவங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு மரியானே யோர்கென்சனும் லூயிஸ் ஃபிலிப்ஸும் எழுதின "டிஸ்கோர்ஸ் அனாலிசிஸ் ஆஸ் தியரி அண்ட் மெத்தட்". 2002ல சேஜ் போட்டது. பழசுதான், ஆனா லக்லாவ்-மூஃபோட டிஸ்கோர்ஸ் தியரி (எந்த அர்த்தமும் நிரந்தரமில்ல, அதுக்காக சண்டை நடந்துக்கிட்டே இருக்கும்ங்கறது), ஃபேர்க்ளஃபோட கிரிட்டிகல் டிஸ்கோர்ஸ் அனாலிசிஸ் (எழுத்தையும் பேச்சையும் சமூக மாற்றத்தோட சேத்து அலசுறது), டிஸ்கர்சிவ் சைக்காலஜி (ஆளுங்க பேச்சை வெச்சு என்ன சாதிக்கறாங்கன்னு பாக்குறது)ன்னு மூணு வழியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு இவ்ளோ தெளிவா காட்டுற புக் வேற என் கண்ணுல படல.

முதல் சாப்டர்ல ஒரு வெள்ளத்தை உதாரணமா எடுக்கறாங்க. தண்ணி ஏறுறது நிஜம், ஆள் மூழ்குறதும் நிஜம், ஆனா அது பருவநிலை கோளாறா, அரசாங்கம் கரை கட்டாத லட்சணமா, சாமி குத்தமான்னு சொல்றதை வெச்சுதான் அடுத்து என்ன செய்யணும்ங்கறதே மாறும் (2015ல சென்னையில மழை ஜாஸ்தியா, செம்பரம்பாக்கம் திறந்த விதமான்னு நடந்த சண்டையைப் பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும்). அதுக்கப்புறம் ரெண்டாவதா வர்ற லக்லாவ்-மூஃப் சாப்டர் ஒரே தியரி மழை, கையில இருக்கிற டேட்டாவை என்ன பண்றதுன்னு கேட்டா பெருசா பதில் இல்ல.

அதனால ஃபேர்க்ளஃப் இருக்கிற மூணாவது சாப்டர்ல ஆரம்பிங்க. ரெண்டு லெக்சரர் வேலை விளம்பரம் வருது, ஒண்ணு நியூகாசில் யுனிவர்சிட்டி, இன்னொண்ணு ஷெஃபீல்ட் சிட்டி பாலிடெக்னிக். முதலாவது "விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன" டைப், மொட்டையா இருக்கும், ரெண்டாவது "நாங்க", "உங்க"ன்னு ஆளைப் பாத்துப் பேசி கம்பெனி மாதிரி தன்னையே விக்குது. வாக்கிய அமைப்புல ஆரம்பிச்சு படிப்பே சந்தை சரக்கான கதை வரைக்கும் படிப்படியா கூட்டிட்டுப் போறாங்க, சூப்பர். எது டிஸ்கோர்ஸ், எது அதுக்கு வெளியன்னு ஃபேர்க்ளஃப்கிட்ட கோடு தெளிவா இல்லன்னும் சொல்லிடறாங்க, அந்த நேர்மை பிடிச்சது.

இன்டர்வியூ டேட்டா வெச்சிருக்கீங்களா, டிஸ்கர்சிவ் சைக்காலஜி இருக்கிற நாலாவது சாப்டரை விட்டுடாதீங்க. நியூசிலாந்து வெள்ளைக்காரங்க மாவோரி மக்களைப் பத்தி பேசினதை வெதரெல், பாட்டர்ங்கற ரெண்டு ஆய்வாளர்கள் அலசினது அதுல வரும். ஒரே ஆள் முன்னுக்குப்பின் முரணா பேசுனா பொய் சொல்றார்னு தள்ளாம, அந்தப் பேச்சு அந்த இடத்துல என்ன வேலை பாக்குதுன்னு கேக்கறாங்க.

குறைன்னா, கான்வர்சேஷன் அனாலிசிஸுக்கு (அன்றாட உரையாடலை வரி வரியா அலசுற முறை) தனி சாப்டர் கிடையாது, டிஸ்கோர்ஸ் ஆய்வுக்கு அடித்தளம் போட்ட பிரெஞ்சு சிந்தனையாளர் ஃபூக்கோ முதல் சாப்டரோட சரி, சோஷியல் மீடியா பேச்சே இல்ல. அஞ்சாவது சாப்டர்ல மூணையும் கலக்கலாம்ங்கறாங்க, ஆனா அடிப்படை தத்துவம் ஒத்துப்போகணும், சாம்பார்ல பாயசத்தை ஊத்துற கதை ஆகக்கூடாது.

முழுசா வாங்கணும்னு இல்ல, லைப்ரரில எடுத்து 3, 4, 5 படிச்சாலே மெத்தடாலஜி சாப்டர் எழுதிடலாம். கைடு சாம்பிள் சைஸ் எவ்ளோன்னு கேட்டு உயிரை வாங்குற ஆளா இருந்தா முதல் சாப்டரை ஜெராக்ஸ் போட்டு அவர் டேபிள்ல வெச்சுடுங்க.