185 டாலர் வாங்கிக்கொண்டு மறைகூடாரத்தைக் கெடுத்துக் கொடுத்தார்: விஸ்கான்சின் நண்பர்கள் கவனத்துக்கு

மான் வேட்டைக்கு உட்காரும் கூடாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் போனது ஒரு பக்கம். மழையில் நனைந்துகொண்டிருந்த என் மகளின் கன்னத்துக்கு இரண்டு அங்குல தூரத்தில் ஒரு கண்ணாடியிழைக் கம்பி முறிந்து துருத்திக்கொண்டு நின்றதே, அதை என்னால் மறக்க முடியவில்லை. இந்தப் பக்கம் வேட்டைக்குப் போகும் தமிழர்கள் சிலரை எனக்குத் தெரியும். இதே கூடாரத்துக்குள் உட்கார்ந்து பறவைப் படம் எடுப்பவர்கள் அதைவிட அதிகம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இங்கே இதை கிரவுண்ட் பிளைண்ட் என்பார்கள். நான் மறைகூடாரம் என்றே எழுதுகிறேன். நான்கு சுவர், ஒரு கூரை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குமிழ், அதிலிருந்து மூலைகளுக்கு ஓடும் கண்ணாடியிழைக் கம்பிகள். குமிழை வெளிப்பக்கம் இழுத்தால் சுவர் விறைத்து நின்றுவிடும். துணி பாலியஸ்டர், உள்பக்கம் கறுப்பாக பாலியூரித்தேன் பூச்சு. மழையைத் தடுப்பது அந்தப் பூச்சு. உள்ளே இருப்பவரின் நிழல் வெளியே தெரியாமல் காப்பது அந்தக் கறுப்பு.

மாடிசனிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் போனால், விஸ்கான்சின் ஆற்றுக்கு அப்பால், ஒரு பெரியவரின் பண்ணை இருக்கிறது. அவர் நிலத்தில்தான் நான்கு ஆண்டுகளாக உட்காருகிறேன். புதிதாக ஒரு கூடாரம் முளைத்தால் மான்கள் பல நாள் அந்தப் பக்கம் வருவதில்லை. அதனால் இரண்டு மூன்று வாரம் முன்பே நட்டு, மேலே காய்ந்த புல்லும் கிளையும் செருகி, அவற்றுக்குப் பழக்கப்படுத்துவார்கள். வெளியே விடாமல் தீராது. ஆனால் போன நவம்பரில் வேட்டைக்காலம் முடிந்ததும் நான் அதைப் பிரித்து எடுத்து வந்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு மருத்துவ அவசரம், போக முடியவில்லை. ஏப்ரலில் போனபோது கூரைக் குமிழ் பனியின் பாரத்தில் உள்ளே குழிந்து, அதன் கம்பிகளில் இரண்டு குமிழை ஒட்டிய இடத்திலேயே ஒடிந்திருந்தன. தெற்குச் சுவரில் ஒரு சாண் நீளக் கிழிசல். கீழ்மூலையை எலி கடித்து உள்ளே கூடு கட்டியிருந்தது. ஐந்து மாத வெயிலும் பனியும் பட்டு கூரைத் துணி வெளுத்திருந்தாலும், உள்பூச்சு அப்போது நன்றாகவே இருந்தது. இது முக்கியம், பிறகு வருகிறேன்.

பக்கத்துச் சிற்றூரில் ஒருவர் படகுத் துணி, கூடாரம், மறைகூடாரம் எல்லாம் பழுதுபார்த்து நீர்காப்பும் செய்து தருவதாக விளம்பரம் வைத்திருந்தார். போய்க் காட்டினேன். விரித்துக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து பாதி வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு, “185 டாலர், இரண்டு வாரம், புதுசு போல ஆகிவிடும்” என்றார். புதுக் கூடாரமே 250 டாலர்தான். என்றாலும், தூக்கி எறிய மனம் வரவில்லை. நூறு டாலர் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, எடுக்க வரும்போது மொத்தமாகத் தருகிறேன் என்றார். அங்கேயே நான் திரும்பியிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் என்றது செப்டம்பர் கடைசி வரை இழுத்தது. ஒவ்வொரு முறை அழைத்தபோதும் ஒரு காரணம். அக்டோபர் தொடக்கத்தில் இங்கே 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கென்று இரண்டு நாள் தனி மான் வேட்டை உண்டு. என் மகளுக்கு 13 வயது. வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, சான்றிதழ் வாங்கி, கோடை முழுவதும் அந்த நாளுக்காகக் காத்திருந்தாள். இதை அவரிடம் மூன்று முறையாவது சொல்லியிருப்பேன்.

எடுக்கப் போனபோது தன் கொட்டகைக்குள், மங்கலான விளக்கில், கூடாரத்தை நிறுத்திக் காட்டினார். கிழிசல் தெரியவில்லை. கூரை விறைப்பாக நின்றது. ஆனால் உள்ளே தலையை விட்டதும் சலவை சோப்பு வாசனை குப்பென்று வந்தது. “துவைத்துக் கொடுத்திருக்கிறேன், அதற்குத் தனிக் காசு இல்லை” என்றார் பெருமையாக. மீதி 85 டாலரையும் கொடுத்துவிட்டேன். ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டதாம்.

சனிக்கிழமை விடியுமுன் உள்ளே போய் உட்கார்ந்தோம். சிறு தூறல். அரை மணி நேரத்தில் கூரைத் தையல்களிலிருந்து மட்டுமல்ல, துணியின் ஊடாகவே நீர் கசியத் தொடங்கியது. மகளின் தோளில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. “பரவாயில்லைப்பா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வெளிச்சம் வரும் வேளையில் பெட்டை மான் ஒன்று ஓடைக்கரையிலிருந்து ஏறி வந்தது. அறுபது கஜத்தில் நின்று எங்கள் பக்கமே பார்த்தது. காற்று எங்களை நோக்கித்தான் வீசியது, ஆக வாடை போயிருக்காது. நாங்கள் அசையவும் இல்லை. முன்காலால் தரையைத் தட்டியது, மறுபடி தட்டியது, சீறிவிட்டு வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. அடுத்து வந்த இரண்டும் அதே இடம் வரை வந்து திரும்பின.

ஏழரை மணிக்கு ஒரு பலத்த காற்று. கூரைக் கம்பி படாரென்று முறிந்து துணியைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கியது. அவள் மடியில் தோட்டா ஏற்றிய துப்பாக்கி. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி குழல் முனையை வெளிப்பக்கம் திருப்பியே வைத்திருந்தாள், விரலை விசையிலிருந்து எடுத்திருந்தாள். அதனால் மட்டும்தான் அந்தக் காலை அதோடு முடிந்தது. தோட்டாவை எடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம். காரில் வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிரவே கூடாரத்தை கார் கொட்டகையில் விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாற்றிய இரண்டு கம்பிகளும் 8 மில்லிமீட்டர்; பழையவை 11. குமிழின் துளையில் ஆடாமல் இருக்க அவற்றின் நுனியில் காகிதம் சுற்றிச் செருகியிருந்தார். கிழிசலுக்கு உள்பக்கம் சாம்பல் நிற டக்ட் டேப். ஈரத்தில் ஓரம் கிளம்பிப் பிசுபிசுத்தது. வெளிப்பக்கம் பருத்தி நூல் தையல். வெளியே கிடக்கும் துணிக்குப் பருத்தி நூல் போட்டால் ஈரத்தில் மக்கி அறுந்துவிடும், பாலியஸ்டர் நூல்தான் போட வேண்டும். இது துணி வேலை செய்யும் எவருக்கும் தெரியும்.

துவைத்ததுதான் பெரிய அநியாயம். இயந்திரத்தில் போட்டு உருட்டியதில் பூச்சு பாளம் பாளமாக உரிந்திருந்தது. அதை மறைக்கச் சாதாரண சிலிக்கோன் தெளிப்பானை மேலே அடித்திருந்தார். பாலியூரித்தேன் துணியில் சிலிக்கோன் பட்டால் அதன்மேல் பசையோ ஒட்டுத் துணியோ பிடிக்காது. பிறகு நாமாகச் சரி செய்துகொள்ளலாம் என்ற வழியையும் அடைத்துவிட்டார்.

மான்கள் ஏன் அறுபது கஜத்தில் நின்றன என்பது எனக்குப் புரியவே இல்லை. பண்ணைப் பெரியவர்தான் சொன்னார்: “புறஊதா டார்ச் அடித்துப் பார்.” இருட்டில் அடித்தேன். கூடாரம் முழுவதும் நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. சலவைத் தூளில் துணி பளிச்சென்று தெரியச் சேர்க்கும் ஒளிரூட்டிகள் புறஊதாவை வாங்கி நீலமாக உமிழ்பவை. மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் சிவப்பும் மங்கல். அதனால்தான் மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காக நாம் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார முடிகிறது. ஆனால் நீலமும் புறஊதாவும் நம்மைவிட அவற்றுக்கு நன்றாகவே தெரியும். மேகமூட்டமான விடியலில் ஓடைக்கரையில் நாங்கள் ஒரு விளக்கு போல உட்கார்ந்திருந்தோம் என்றுதான் நினைக்கிறேன்.

திங்களன்று பழுதுபார்த்தவரிடம் போனேன். “ஐந்து மாதம் வெளியே போட்டது நீங்கள்தானே” என்றார். ஆம், நான்தான். பனியில் ஒடிந்த இரண்டு கம்பிக்கும் எலி கடித்த ஓட்டைக்கும் நான் பொறுப்பு. அதைச் சரிசெய்யத்தானே காசு வாங்கினார்? பூச்சை உரித்தது பனியா? முறிந்த கம்பியை மேசையில் வைத்தேன். கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. மாநிலத்தின் வேளாண்மை, வணிக, நுகர்வோர் பாதுகாப்புத் துறையில் புகார் பதிந்திருக்கிறேன். ரசீது இல்லாவிட்டாலும் அவர் தொகையைக் குறிப்பிட்டு அனுப்பிய குறுஞ்செய்திகள் இருக்கின்றன. நல்லவேளையாக அழிக்கவில்லை. 10,000 டாலர் வரையுள்ள வழக்குகளைச் சிறுவழக்கு மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். தேவைப்பட்டால் அதுவும் செய்வேன்.

எங்கும் கொடுக்காமல் நானே செய்திருந்தால் ஐம்பது டாலருக்குள் முடிந்திருக்கும். அதே தடிமன் கம்பி வாங்கி அளவுக்கு அறுக்க வேண்டும் (கையுறை அவசியம், கண்ணாடியிழைச் சிராய் தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு). கிழிசலை ஆல்கஹாலால் துடைத்து, மூலைகளை வட்டமாக வெட்டிய கறுப்பு ஒட்டுத் துணியை யூரித்தேன் பசையால் உள்ளிருந்து ஒட்டி ஒரு நாள் காயவிட வேண்டும். தையல்களுக்கு மேல் அதே பசையை மெல்லிசாகத் தடவினால் போதும். அழுக்குக்கு வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும். பனிக்காலத்தில் எடுக்கவே முடியாது என்றால் கூரைக் குமிழுக்குக் கீழே ஒரு முட்டுக்கழி கொடுத்து, மேலே தார்ப்பாயைச் சரிவாகக் கட்டிவிடுங்கள். எடுத்து வந்தால் நன்றாகக் காயவைத்த பிறகே மடித்து, எலி நுழையாத மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூச்சு பிசுபிசுத்துத் தானாகவே உரியும்.

இன்னொன்று. அரசு நிலத்தில் துப்பாக்கி மான் வேட்டைக்காலத்தில் மறைகூடாரத்தின் மேல் எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி குறைந்தது 144 சதுர அங்குல ஒளிர் ஆரஞ்சு அல்லது ஒளிர் இளஞ்சிவப்புத் துணி இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. தனியார் நிலம் என்றாலும் நான் தைத்து வைத்திருந்தேன். அந்தத் துண்டையும் அவர் பிரித்து எடுத்துவிட்டார், அழகாக இல்லை என்று. திருப்பித் தரவும் இல்லை.

அந்தக் கடை ஆற்றுக்கு வடகரையில், நெடுஞ்சாலையை ஒட்டிய பச்சைக் கொட்டகை. பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. இந்தக் கோடையில் அந்தப் பக்கம் யாரிடமாவது கூடாரம் கொடுத்து வாங்கியிருந்தால், நவம்பர் வரை காத்திருக்காதீர்கள். இன்றிரவே இருட்டில் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். கூரைக் கம்பிகளைக் குமிழிலிருந்து உருவித் தடிமனை அளந்து பாருங்கள். உள்ளே உங்கள் பிள்ளையை உட்கார வைப்பது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.